அம்மாவின் ஊக்கும் கணுக்கால் தகடும்

2015 மார்கழியில் ஒரு விடியற்காலையில், வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு எழுந்த அம்மா, பாசி பிடித்திருந்த கீழ்ப்படியில் கால் வழுக்கி விழுந்தார். வலது கணுக்காலின் வெளிப்புற எலும்பு முறிந்தது. அன்று மாலையே அறுவைச் சிகிச்சை நடந்து, ஒரு தகடும் ஏழு திருகுகளும் உள்ளே போயின. மருத்துவமனையில் சேர்க்கும்போது படிவத்தை நிரப்பிய செவிலி, "மருந்து அலர்ஜி ஏதாவது இருக்காம்மா?" என்று கேட்டார். "அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா" என்றார் அம்மா. படிவத்தில் 'இல்லை' என்று எழுதப்பட்டது. கேட்ட கேள்விக்கு அது சரியான பதில்தான், அம்மாவுக்கு எந்த மாத்திரையும் ஊசியும் இதுவரை ஒத்துக்கொள்ளாமல் போனதில்லை.

கேட்கப்படாத ஒன்று இருந்தது. அம்மாவால் கவரிங் தோடு போட முடியாது. போட்டால் இரண்டாம் நாளே காது மடல் சிவந்து நீர் கசியும். எங்கள் வீட்டில் அதை யாரும் நோயாக எண்ணியதில்லை, 'அவளுக்குத் தங்கம்தான் சேரும்' என்று பாட்டி பெருமையோடு சொல்லிவந்த விஷயம் அது. இன்னொன்றும் உண்டு. நம் ஊர்ப் பெண்கள் பலரையும் போல அம்மாவும் தாலிச் சரட்டில் நான்கைந்து ஊக்குகளைக் கோத்து வைத்திருப்பார். புடவைக்கோ ரவிக்கைக்கோ அவசரத்துக்கு வேண்டுமென்றால் அங்கிருந்துதான் ஒன்று வரும். அந்த ஊக்குகள் படும் இடத்தில், நெஞ்சின் நடுவே, ஒரு ரூபாய் நாணய அளவில் தோல் கறுத்துத் தடித்திருக்கும். வெயில் காலத்தில் அரிக்கும். வியர்க்குரு என்று பவுடர் போட்டுக்கொள்வார். நாற்பது ஆண்டுகளாக அம்மாவின் உடம்பு சொல்லிக்கொண்டிருந்ததை நாங்கள் யாரும் ஒரு செய்தியாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

தகடு வைத்த மூன்றாம் மாதம், தழும்பைச் சுற்றித் தோல் சிவந்தது. பிறகு சிறு சிறு கொப்புளங்கள், நீர்க்கசிவு, செதில். இரவெல்லாம் அரிப்பு. அறுவை செய்த மருத்துவர் அதைத் தொற்று என்று சந்தேகித்ததில் தவறில்லை. உள்ளே உலோகம் இருக்கும் காலில் மேல்தோல் சிவந்தால் முதலில் அஞ்சவேண்டியது கிருமியைத்தான், அதைத் தவறவிட்டால் எலும்பே பாழாகும். இரத்தப் பரிசோதனையில், தொற்று இருந்தால் உயரும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. அளவுகள் இயல்பாக இருந்தன. எக்ஸ்ரேயில் திருகுகள் அசையாமல் நின்றன. இருந்தும் இரண்டு சுற்று ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். அது போதாதென்று, தெருமுனை மருந்துக் கடையில் 'படைக்கு' என்று கேட்டு வாங்கிய களிம்பை அம்மா தானாகவே தடவிக்கொண்டார். ஸ்டீராய்டு கலந்த அந்தக் களிம்பு ஒரு வாரம் அரிப்பை அடக்கியது, நிறுத்தியதும் முன்னைவிட மோசமாகத் திரும்பியது.

ஏழாம் மாதம்தான் தோல் மருத்துவரிடம் போனோம். அவர் காலைப் பார்த்தார், சில நொடிகள் யோசித்தார், பிறகு அம்மாவின் காதைப் பார்த்தார். "கவரிங் போட்டா என்ன ஆகும்மா?" அம்மா சொன்னதைக் கேட்டுக்கொண்டே, கழுத்துச் சரட்டில் இருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றித் தரச் சொன்னார். மேசை இழுப்பறையிலிருந்து இரண்டு குப்பிகளை எடுத்து, காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு சொட்டு விட்டு, ஊக்கின் மீது அரை நிமிடம் தேய்த்தார். வெள்ளைப் பஞ்சு ரோஜா நிறத்துக்கு மாறியது. ஒன்றில் டைமெத்தில்கிளையாக்சைம், மற்றதில் அம்மோனியா. நிக்கல் வெளிப்படும் பொருளில் தேய்த்தால் இந்த நிறம் வரும். 1905-இல் சுகாயேவ் என்ற ரஷ்ய வேதியியலாளர் கண்டுபிடித்த வினை இது. நான் என் கைக்கடிகாரத்தின் பின்மூடியையும் நீட்டினேன், நிறம் மாறவில்லை. என் கூந்தல் கிளிப்பில் தேய்த்தபோது பஞ்சு உடனே சிவந்தது. அம்மாவைப் பார்க்க வந்த இடத்தில் எனக்கும் ஒரு செய்தி கிடைத்தது.

நிக்கல் ஒவ்வாமை உலகெங்கும் மிகப் பரவலான தொடு ஒவ்வாமை. ஐரோப்பாவில் பொதுமக்களிடையே நூற்றுக்குப் பத்துப் பேர் என்ற அளவில் காணப்படுகிறது. ஆண்களைவிடப் பெண்களிடம் பல மடங்கு அதிகம், காது குத்துவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். புதிதாகக் குத்திய துளையில் நிக்கல் பூசிய தோடு மாட்டினால், தோலின் தடுப்பைத் தாண்டி உலோகம் நேராக உள்ளே போகிறது. நகையிலிருந்து கரைந்து வரும் நிக்கல் அயனி, உடலின் சொந்தப் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றை வேற்றாளாகக் காட்டுகிறது. உடலைக் காக்கும் நோய் எதிர்ப்பு அணுக்களான டி செல்கள் அந்த முகத்தை மனப்பாடம் செய்துகொள்கின்றன. பென்சிலின் ஒவ்வாமையில் போலச் சில நிமிடங்களில் மூச்சு முட்டுவதில்லை. ஓரிரண்டு நாள் கழித்துத் தோல் சிவக்கும், அரிக்கும். ஒருமுறை வந்த அந்த நினைவு பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. ஆய்வுக்கூட எலிகளுக்கு நிக்கல் ஒவ்வாமையை உண்டாக்குவது ஏன் அவ்வளவு கடினமாக இருந்தது என்பதற்கு 2010-இல் விடை கிடைத்தது. மனித உடலின் டி.எல்.ஆர்.4 என்ற ஏற்பியில் நிக்கல் வந்து பற்றிக்கொள்ள வசதியாக ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் குறிப்பிட்ட சில இடங்களில் அமைந்திருக்கிறது, எலியின் ஏற்பியில் அவ்விடங்களில் அது இல்லை. எலிக்கு இல்லாத இந்தப் பாக்கியம் நமக்கு வாய்த்திருக்கிறது.

உறுதிப்படுத்த ஒட்டுச் சோதனை செய்தார்கள். 1895-இல் யோசப் யாடசோன் என்ற ஜெர்மானியத் தோல் மருத்துவர் அறிமுகப்படுத்திய முறை, அடிப்படையில் இன்றும் அதேதான். சிறு அலுமினியக் கிண்ணங்களில் வாஸ்லினோடு குழைத்த ஒவ்வொரு பொருளையும் வைத்து முதுகில் பிளாஸ்திரியால் ஒட்டிவிடுவார்கள். இந்தியாவுக்கென வகுத்த வரிசையில் நிக்கல், கோபால்ட், குரோமியத்தோடு, நம் தரிசு நிலங்களில் மண்டிக்கிடக்கும் பார்த்தீனியச் செடியும் உண்டு. இரண்டு நாள் முதுகில் தண்ணீர் படக்கூடாது. ஆடி மாதப் புழுக்கத்தில் குளிக்காமல் இருந்ததைத்தான் அறுவைச் சிகிச்சையைவிடப் பெரிய துன்பமாக அம்மா இன்றும் சொல்வார். 48 மணி நேரத்தில் பிரித்தபோது ஓர் இடம் மட்டும் இளஞ்சிவப்பாக இருந்தது. நான்காம் நாள் அதே இடத்தில் தோல் தடித்து, ஊசிமுனைக் கொப்புளங்கள் எழுந்திருந்தன. ஐந்து சதவீத நிக்கல் சல்பேட் வைத்த இடம் அது. உலோகங்களுக்குச் சில சமயம் தாமதமாகவே வினை தெரியும் என்பதால் ஏழாம் நாளும் வந்து காட்டச் சொன்னார். கோபால்ட்டும் குரோமியமும் கடைசிவரை வெறுமையாகவே இருந்தன.

"எவர்சில்வர் தட்டுலதானே நாப்பது வருஷமா சாப்பிடறேன்? அது ஒண்ணும் பண்ணலியே" என்று அம்மா கேட்டார். நல்ல கேள்வி. சமையலறையின் எவர்சில்வரும் எலும்பில் வைக்கும் துருப்பிடிக்காத எஃகும் ஒரே குடும்பம். 316எல் எனப்படும் அறுவைத் தர எஃகில் இரும்போடு 17 முதல் 19 சதவீதம் குரோமியமும் 13 முதல் 15 சதவீதம் நிக்கலும் சிறிது மாலிப்டினமும் இருக்கும். அதை எவர்சில்வராக வைத்திருப்பது மேற்பரப்பில் தானாகப் படரும் குரோமியம் ஆக்சைடு என்ற சில நானோமீட்டர் தடிமனுள்ள படலம். தட்டில் உலர்ந்த விரல் படும்போது அந்தப் படலம் தாங்கும். உடம்புக்குள் கதை வேறு. அங்கே உப்பு நீர் இரவு பகலாகச் சூழ்ந்திருக்கிறது. நடக்கும் ஒவ்வொரு அடியிலும் திருகின் தலை தகட்டின் துளையில் இம்மியளவு உரசுகிறது, உரசிய இடத்தில் படலம் கிழிந்து மீண்டும் உருவாவதற்குள் கொஞ்சம் உலோகம் கரைந்துவிடுகிறது. பெரும்பாலானோர் உடம்பு அதைப் பொருட்படுத்துவதில்லை. அம்மாவின் உடம்போ நாற்பது ஆண்டுகளாக ஊக்குகளிடம் பாடம் கேட்டது.

எலும்பு முறிவுத் தகட்டால் தோலில் கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் அழற்சி) வந்ததாக 1966-இலேயே பிரான்சிலிருந்து மருத்துவப் பதிவு உண்டு. ஆக, இது புதிய செய்தி இல்லை. ஆனாலும் எங்கள் எலும்பு மருத்துவர், தோல் மருத்துவரின் கடிதத்தைப் படித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். அப்போது எனக்குக் கோபம் வந்தது, இப்போது அவர் தயக்கத்தின் நியாயம் புரிகிறது. நூற்றில் பத்துப் பேருக்கு நிக்கல் ஒவ்வாமை இருந்தும், எஃகுத் தகடு வைத்துக்கொள்பவர்களில் மிகச் சிலருக்கே இப்படி ஆகிறது. ஒட்டுச் சோதனை தோலின் வினையைக் காட்டுமே தவிர, எலும்பின் அருகில் நடப்பதைக் காட்டாது. ஆகவே தொற்று இல்லை, தளர்வு இல்லை, கட்டுப் போட்ட பிளாஸ்திரியோ தடவிய கிருமிநாசினியோ காரணம் இல்லை என்று ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே உலோகத்தின் மேல் கை வைக்க வேண்டும். அப்படி விலக்கியும், உலோகத்தை எடுத்த பிறகு குணமானால்தான் சந்தேகம் தீரும்.

எலும்பு கூடிவிட்டதால் எங்களுக்கு அந்த வழி திறந்திருந்தது. 2017 தொடக்கத்தில் தகட்டை எடுத்தார்கள். கேட்டு வாங்கி வந்தேன். ஒரு பிளாஸ்டிக் உறையில் அது இன்னும் என்னிடம் இருக்கிறது. சுண்டுவிரல் அகலம், விரல் நீளத்தைவிடக் கொஞ்சம் அதிகம். தூரத்தில் பளபளப்பாகத் தெரியும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் திருகுத் துளைகளின் விளிம்பில் மட்டும் மங்கலான வளையங்கள் தெரியும். திருகுத் தலைகள் உட்கார்ந்திருந்த இடங்கள் அவை. ஆறு வாரத்தில் அம்மாவின் காலில் கரப்பான் அடங்கியது. நிறம் மட்டும் மாற ஒரு வருடம் ஆயிற்று.

அந்தத் தோல் மருத்துவரின் காத்திருப்பு அறையில் பார்த்த ஒருவரைச் சொல்ல வேண்டும். கொத்தனார், ஐம்பது வயது இருக்கும். இரண்டு கைகளும் வெடித்துப் பாளம் பாளமாக இருந்தன. சிமெண்டில் சிறிதளவு இருக்கும் கரையக்கூடிய குரோமியத்தால் வரும் ஒவ்வாமை அது. சிமெண்டில் இந்த வகைக் குரோமியம் பத்து லட்சத்தில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2003-இல் விதி கொண்டுவந்தது, இரும்பு சல்பேட் கலந்தாலே அது குறைந்துவிடும். நகைகளுக்கும் அங்கே வரம்பு உண்டு. டென்மார்க் 1990-இல் தொடங்கி வைக்க, 1994-இல் ஒன்றியம் முழுவதற்கும் சட்டம் வந்தது. தோலில் தொடர்ந்து படும் பொருள், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.5 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கலை வெளிவிடக்கூடாது. அந்தக் கொத்தனார் நாளை சாரத்திலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டால், அவருக்கு வைக்கப்போவதும் குரோமியம் கலந்த எஃகுதான். ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் குரோம் உப்பில் தோல் பதனிடும் தொழிலாளர்களுக்கும் இதே கதைதான். அவர்களிடமும் படிவம் மருந்தைப் பற்றி மட்டும்தான் கேட்கும்.

தகடு போய் ஐந்தாண்டுக்குப் பிறகு முழங்கால் வந்தது. வலது முழங்காலில் குருத்தெலும்பு தேய்ந்து, மாற்று மூட்டைத் தவிர வழியில்லை என்றானது. வழக்கமான செயற்கை மூட்டில் தொடையெலும்பின் முனைக்கு வைப்பது கோபால்ட்-குரோமியம் கலவை. அதில் நிக்கல் சேர்மானமாக இல்லாவிட்டாலும் சிறிதளவு கலந்திருக்கும். முதலில் போன மருத்துவமனையின் வரவேற்பறையில் ஆள் உயரப் பலகை, அதில் பொன்னிறத்தில் மின்னும் ஒரு மூட்டு. 'தங்க மூட்டு, அலர்ஜியே வராது, முப்பது ஆண்டு உழைக்கும்' என்று எழுதியிருந்தது. ஆலோசகர் என்ற பெயரில் பேசியவர் அம்மாவின் ஒவ்வாமைக் கதையைக் கேட்டதும் முகம் மலர்ந்து, சாதாரண மூட்டைவிட ஒன்றரை லட்சம் கூடுதலாக ஒரு பேக்கேஜை முன்வைத்தார். அந்தப் பொன்னிறம் டைட்டானியம் நைட்ரைடு பூச்சின் நிறம், அதில் குந்துமணித் தங்கமும் கிடையாது. தங்கத்துக்கே ஒவ்வாமை உள்ளவர்களும் உலகில் இருக்கிறார்கள் என்பது வேறு கதை.

இரண்டாவதாகப் பார்த்த மருத்துவர் விற்பதற்கு அவசரப்படவில்லை. அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு வீட்டில் வந்து நானும் தேடிப் படித்தேன். இணையத்தில் இந்த விஷயத்தைத் தேடினால் எல்லோரும் மேற்கோள் காட்டும் கணக்கு ஒன்று உண்டு. 2001-இல் ஹல்லாப் என்ற ஆய்வாளரின் குழுவினர் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்தபோது, பொதுமக்களில் சுமார் 10 சதவீதத்தினரும், நன்றாக வேலை செய்யும் செயற்கை மூட்டு உள்ளவர்களில் 25 சதவீதத்தினரும், மூட்டு கெட்டுப்போனவர்களில் 60 சதவீதத்தினரும் உலோகங்களுக்கு வினை காட்டியதாகக் கண்டார்கள். படித்தவுடன் அச்சம் வருகிறது. மாடு முன்னா, வண்டி முன்னா என்பதைத்தான் இந்தக் கணக்கு சொல்வதில்லை. ஒவ்வாமையால் மூட்டு தளர்ந்ததா, தளர்ந்த மூட்டு உரசி உலோகத்துகளைக் கொட்டியதால் ஒவ்வாமை வந்ததா? டென்மார்க்கில் ஒட்டுச் சோதனைப் பதிவுகளையும் முழங்கால் மாற்றுப் பதிவேட்டையும் இணைத்துப் பார்த்து 2015-இல் வெளியிட்ட ஆய்வில், மறு அறுவை செய்துகொண்டவர்களிடமும் செய்துகொள்ளாதவர்களிடமும் உலோக ஒவ்வாமை ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருந்தது. இரண்டு முறையோ அதற்கு மேலோ மறு அறுவை கண்டவர்களிடம் மட்டும் கோபால்ட், குரோமியம் ஒவ்வாமை கூடுதலாக இருந்தது. எல்லோருக்கும் அறுவைக்கு முன் ஒட்டுச் சோதனை செய்ய வேண்டியதில்லை என்று பெரும்பாலான மருத்துவர்கள் சொல்வதற்கு இதுபோன்ற ஆய்வுகளே காரணம்.

இன்னொரு குழப்பத்தையும் அவர் தீர்த்தார். உலோகத்தோடு உலோகம் உரசும் இடுப்பு மூட்டுகள் 2010 ஆகஸ்டில் உலகளவில் திரும்பப் பெறப்பட்டதை நான் படித்திருந்தேன். டீபை நிறுவனத்தின் ஏ.எஸ்.ஆர். மூட்டு அது, 93,000 பேருக்குப் பொருத்தப்பட்டிருந்தது. அதில் பெரும்பகுதி தேய்மானத் துகள்களின் நச்சுப் பிரச்சினை, ஒவ்வாமை அதில் ஓர் இழை மட்டுமே. முழங்காலில் உலோகம் நெகிழியின் மீதுதான் நகர்கிறது என்பதால் அந்த அச்சத்தை இதில் கொண்டுவந்து போடக்கூடாது என்றார்.

"ஆனா உங்க அம்மா கேஸ் வேற" என்றும் அவரே சொன்னார். காதில் வரும் கரப்பானை மட்டும் வைத்து அவர் மூட்டை மாற்றியிருக்கமாட்டார். உடம்புக்குள் வைத்த உலோகத்துக்கே வினை வந்து, எடுத்ததும் குணமான வரலாறு இருப்பதால், ஆக்சைடாக்கிய ஸிர்கோனியத்தைப் பரிந்துரைத்தார். ஸிர்கோனியத்தில் இரண்டரை சதவீதம் நியோபியம் கலந்து, காற்றில் சுமார் 500 டிகிரிக்குச் சுட்டால் அதன் மேற்பரப்பே ஐந்து மைக்ரான் ஆழத்துக்குப் பீங்கானாக மாறிவிடுகிறது. பூச்சு அல்ல என்பதால் உரிந்து வரும் கவலை குறைவு. மாதிரியைக் கையில் கொடுத்தார். கன்னங்கரேல் என்று, எண்ணெய் பூசிய கருங்கல்லைப் போல இருந்தது. விளம்பரப் பலகைக்கு ஆகாத நிறம். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பில் பதியும் தட்டு டைட்டானியம். மூட்டை எலும்போடு பிடிக்கவைக்கும் எலும்புச் சிமெண்டில் உள்ள அக்ரிலிக்குக்கும் ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்குக்கும்கூடச் சிலருக்கு ஒவ்வாமை வருவதுண்டு, அந்தப் பழியும் உலோகத்தின் தலையில் விழுந்துவிடும் என்பதால் அவற்றுக்கும் சோதனை செய்துகொண்டோம்.

விலையை எழுதுவதில் கூச்சமில்லை, தேடுகிறவர்களுக்கு உதவும். 2017 ஆகஸ்டில் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச வரம்பு விதித்தது. வரி நீங்கலாக, கோபால்ட்-குரோமியம் மூட்டுக்கு 54,720 ரூபாய், டைட்டானியம், ஆக்சைடாக்கிய ஸிர்கோனியம் போன்ற சிறப்பு உலோகங்களுக்கு 76,600 ரூபாய். இரண்டுக்கும் இடையே அந்த ஆணையில் 21,880 ரூபாய்தான் வித்தியாசம் இருந்தது. அந்த ஆலோசகரின் ஒன்றரை லட்சம் எங்கிருந்து வந்தது என்பதை அவரிடம் கேட்க நான் திரும்பிப் போகவில்லை.

அறுவைக்கு முதல் நாள் மீண்டும் படிவம், மீண்டும் அதே கேள்வி. "மருந்து அலர்ஜி இருக்காம்மா?" அம்மா நிதானமாக, "மருந்து இல்லம்மா. ஊக்கு" என்றார். செவிலி பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் விளக்கினேன். சிரித்துக்கொண்டே 'நிக்கல்' என்று எழுதி அடிக்கோடிட்டார். பிறகு தன் கழுத்துச் சரட்டை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டதை நான் கவனித்தேன்.

வீடு திரும்பும்போது கோப்பில் மூட்டின் ஒவ்வொரு பாகத்துக்கும் உரிய ஒட்டுச்சீட்டு இருந்தது. தயாரிப்பாளர் பெயர், உலோகம், அளவு, தொகுதி எண். 2015-இல் வைத்த தகட்டுக்கு அப்படி எதுவும் எங்களிடம் இல்லை, அது எஃகு என்பதையே ஏழு மாதம் கழித்துக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டோம். இந்த முறை சீட்டுகளைப் படம் எடுத்துக் கைபேசியிலும் வைத்துக்கொண்டேன்.

அந்த முழங்கால் நன்றாக இருக்கிறது. அம்மா மாடிப்படி ஏறுகிறார், தோலில் ஒரு சிவப்பும் இல்லை. கூடுதலாகக் கொடுத்த பணம்தான் இதைச் செய்ததா, சாதாரண மூட்டே போதுமாக இருந்திருக்குமா என்று எனக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டேதான் இருக்கிறது. போன மாதம் இடது முழங்காலுக்கும் நாள் குறிக்கச் சொல்லிவிட்டார்கள். இந்தக் கேள்வியை அம்மாவிடம் சொன்னபோது, கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் தலை நிமிராமல், "அப்போ இந்தக் காலுக்குச் சாதாரணத்தையே வெச்சுப் பார்த்துட்டா தெரிஞ்சுடுமே" என்றார். மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதிவைக்கும் நோட்டில் அதையும் குறித்துக்கொண்டேன்.